முதல் மிதிவண்டி புதியதாகத்தான் இருக்க வேண்டுமா?

வார இறுதி நாள்களில் பொழுது புலரும் முன்பே ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலும் சாங்கி கடலோரச் சாலையிலும் சாலை மிதிவண்டிகள் வரிசையாக விரைந்து செல்வதைக் காணலாம். மெல்லிய டயர், கீழ்நோக்கி வளைந்த கைப்பிடி, எடை குறைந்த சட்டகம் ஆகியவை இவ்வகை மிதிவண்டியின் அடையாளங்கள். ஈரச்சந்தைக்குச் சென்றுவரப் பயன்படும் சாதாரண மிதிவண்டியைவிட இதன் வேகம் அதிகம்; விலையும் அதிகம். அதனால், இவ்விளையாட்டில் ஆர்வம் கொண்ட மாணவர் ஒருவர் தமது விருப்பத்தை வீட்டில் சொன்னவுடன், "புதியது வாங்குவதா, பழையது வாங்குவதா?" என்ற கேள்வி எழுகிறது.

பல வீடுகளில் இக்கேள்விக்கு யோசிக்காமலேயே விடை சொல்லப்படுகிறது. "பிள்ளைக்கு வாங்குவதைப் புதியதாக வாங்குங்கள். அடுத்தவர் ஓட்டித் தேய்த்ததை நாம் ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்?" என்பார்கள் பெரியவர்கள். பழைய வண்டியில் சென்றால் நண்பர்கள் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம் மாணவருக்கும் இருக்கும். பிள்ளையின் பாதுகாப்பை எண்ணிப் பெற்றோர் காட்டும் அக்கறையைக் குறை கூற முடியாது. ஆயினும், இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் மாணவருக்கு, நன்கு சோதித்து வாங்கிய பழைய மிதிவண்டியே பொருத்தமான முதல் மிதிவண்டியாகும். 'நன்கு சோதித்து' என்னும் சொற்களை நீக்கிவிட்டால் இக்கருத்து நிற்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சாலை மிதிவண்டி, உடையைப் போலவே அளவு பார்த்து வாங்க வேண்டிய பொருள். இருக்கையை உயர்த்தலாம், கைப்பிடியையும் சற்று மாற்றியமைக்கலாம். ஆனால், சட்டகத்தை நீட்டவோ சுருக்கவோ முடியாது. அளவு பொருந்தாத வண்டியில் நெடுந்தூரம் சென்றால் கழுத்தும் இடுப்பும் முழங்காலும் வலியெடுக்கும். பதினான்கு வயதில் கச்சிதமாகப் பொருந்திய வண்டி, பதினாறு வயதில் சிறியதாகிவிடக்கூடும். பள்ளிச் சீருடையைச் சற்றுப் பெரியதாக வாங்கி ஓரத்தை மடித்துத் தைப்பதுபோல மிதிவண்டியை வாங்க இயலாது. கைக்கு எட்டாத பிரேக் விபத்தில்தான் கொண்டுபோய் விடும். ஆகவே, மாணவர் வாங்கும் முதல் வண்டி சில ஆண்டுகளில் வேறொருவர் கைக்கு மாறவேண்டிய வண்டி என்பதைத் தொடக்கத்திலேயே உணர வேண்டும். கடையைவிட்டு வெளியே வந்ததுமே புதிய வண்டியின் மதிப்பு குறையத் தொடங்கும். அந்த இழப்பைப் பழைய வண்டியின் முதல் உரிமையாளர் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டார்.

எடுத்துக்காட்டாக, ஒரு புதிய வண்டியின் விலை 1,200 வெள்ளி என்றும், அதே தரத்தில் சில ஆண்டுகள் ஓடிய வண்டியின் விலை 600 வெள்ளி என்றும் கொள்ளலாம். பழைய வண்டிக்குச் சங்கிலி, பற்சக்கரங்கள், டயர்கள், பிரேக் கட்டைகள், பழுதுபார்க்கும் கூலி என மேலும் 250 வெள்ளி செலவானாலும் மொத்தம் 850 வெள்ளிதான். எஞ்சும் 350 வெள்ளியில் நல்ல தலைக்கவசம், விளக்குகள், பூட்டு, காற்றடிக்கும் பம்பு ஆகியவற்றை வாங்கலாம். சிங்கப்பூர்ச் சாலைகளில் மிதிவண்டி ஓட்டுவோர் தலைக்கவசம் அணிவது 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் கட்டாயமாகும். யானையை வாங்கியவர் அங்குசம் வாங்கப் பேரம் பேசியதைப்போல, வண்டிக்கே எல்லாப் பணத்தையும் செலவழித்துவிட்டுத் தலைக்கவசத்தில் சிக்கனம் பிடிப்பது அறிவுடைமை ஆகாது.

ஆனால், இதே கணக்கு தலைகீழாகவும் மாறலாம். வாங்கிய பிறகு சட்டகத்தில் விரிசல் இருப்பது தெரிந்தால் 600 வெள்ளியும் வீண்தான். பழைய வண்டியின் உண்மையான விலை, விற்பவர் சொல்லும் விலை அன்று. அதைப் பாதுகாப்பாக ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர ஆகும் மொத்தச் செலவே அதன் விலை. விளம்பரத்தில் உள்ள தொகையை மட்டும் பார்த்து மகிழ்பவர், பின்னர்ப் பழுதுபார்க்கும் கடையில் வருந்த நேரிடும்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். பணம் கொடுத்து வாங்கும் மிதிவண்டியின் பல்லைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பற்சக்கரத்தின் பற்கள் சுறாமீனின் துடுப்பைப்போல் ஒருபக்கம் சாய்ந்து கூர்மையாகியிருந்தால் அது மிகவும் தேய்ந்துவிட்டது என்று பொருள். சங்கிலியை அளந்து பார்க்க ஓர் அடிக்கோலே போதும். புதிய சங்கிலியில் 24 கண்ணிகளின் நீளம் சரியாக 12 அங்குலம் இருக்கும். அது ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் கூடியிருந்தால் சங்கிலியை மாற்ற வேண்டும். மூன்று மில்லிமீட்டர் கூடியிருந்தால் பற்சக்கரங்களும் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு.

சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால், அது இருபுறமும் ஆடாமல் நேராகச் சுழல வேண்டும். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைக்கும்போது 'டக்' என்ற ஓசை கேட்டால், கைப்பிடியைத் தாங்கும் பகுதி தளர்ந்திருக்கலாம். அதிகம் ஓடாத டயரும்கூட, நெடுநாள் சும்மா கிடந்தால் வெடிப்பு விட்டிருக்கும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இந்நாட்டில், ஓட்டுபவரின் வியர்வை கைப்பிடியில் சுற்றிய நாடாவுக்கு அடியில் தங்கி உலோகத்தை அரிப்பதும் உண்டு. வெளிப்பூச்சு பளபளக்கிறது என்பதற்காக வண்டி நலமாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடக்கூடாது.

சட்டகம் எதனால் ஆனது என்பதையும் கேட்டறிய வேண்டும். எஃகு, அலுமினியச் சட்டகங்களில் ஏற்படும் நசுங்கலும் விரிசலும் பெரும்பாலும் கண்ணுக்குத் தென்படும். கார்பன் இழையால் ஆன சட்டகம் எடை குறைந்தது, பார்ப்பதற்கும் கவர்ச்சியானது. எனினும், விழுந்து அடிபட்ட கார்பன் சட்டகத்தின் உட்புறச் சேதம் வெளியே தெரியாமல் இருக்கக்கூடும். எனவே, அனுபவமில்லாத மாணவர் பழைய கார்பன் வண்டியை வாங்காமல் இருப்பதே நன்று.

பொருளைச் சோதிப்பதுபோல அது வந்த வழியையும் சோதிக்க வேண்டும். பெரும்பாலான சாலை மிதிவண்டிகளில், மிதிகளுக்கு இடையே சட்டகத்தின் அடிப்பகுதியில் வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண் சுரண்டப்பட்டிருந்தாலோ, வாங்கிய ரசீதைப் பற்றிக் கேட்டதும் விற்பவர் பேச்சை மாற்றினாலோ அங்கிருந்து விலகிவிடுவதே நல்லது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது குற்றமாகும்.

புதிய வண்டிக்கென்று சில நன்மைகள் இருப்பதை மறுப்பதற்கில்லை. தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம் பெரும்பாலும் முதல் உரிமையாளருக்கே உரியது. சிங்கப்பூரில் 2012-ஆம் ஆண்டு செப்டம்பரில் நடப்புக்கு வந்த, பேச்சுவழக்கில் 'லெமன் லா' எனப்படும் சட்டமும் நுகர்வோருக்குத் துணை நிற்கிறது. பொருளைப் பெற்ற ஆறு மாதத்திற்குள் குறை தெரியவந்தால், அது தொடக்கத்திலேயே இருந்ததாகப் பொதுவாகக் கருதப்படும். அக்குறையைச் சரிசெய்து தரும்படி கடைக்காரரிடம் கேட்கலாம். ஆனால், இச்சட்டம் கடைகளில் விற்கப்படும் பழைய பொருள்களுக்கும் பொருந்தும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தனிநபர் ஒருவர் மற்றொருவருக்கு விற்கும் பொருள்களுக்குத்தான் இப்பாதுகாப்பு இல்லை. ஆகவே, பழையது என்றாலே பாதுகாப்பற்றது என்று எண்ணத் தேவையில்லை. யாரிடம் வாங்குகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

எல்லாருக்கும் எல்லா வேளையிலும் பழைய வண்டிதான் ஏற்றது என்று சொல்வதற்கில்லை. உடலுக்கேற்ற அளவில் பழைய வண்டி கிடைக்காதபோதும், சோதித்துப் பார்க்கத் தெரிந்தவர் எவரும் உடன் வர இயலாதபோதும், கடையில் எளிய அலுமினிய வண்டி ஒன்றைப் புதியதாக வாங்குவதே முறை. மலிவாகக் கிடைக்கிறதே என்று அளவில் சமரசம் செய்துகொள்வது, இலவசமாகக் கிடைத்தது என்பதற்காகக் காலைக் கடிக்கும் செருப்பை அணிவதற்கு ஒப்பாகும்.

எஞ்சி நிற்பது கௌரவம் பற்றிய தயக்கம். ஃபேபர் மலையின் ஏற்றத்துக்கு வண்டியின் விலை தெரியாது. ஓட்டுபவரின் கால் வலிமைதான் தெரியும். பயிற்சி இல்லாதவருக்கு எவ்வளவு விலையுயர்ந்த வண்டியும் உதவாது. மாறாக, சங்கிலியை அளந்து, பிரேக்கைச் சோதித்து, பற்சக்கரத்தை மாற்றி ஒரு பழைய வண்டியைச் சீர்செய்த மாணவர், தாம் ஓட்டும் இயந்திரத்தை அறிந்தவராகிறார். வழியில் சங்கிலி கழன்றால் அவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கமாட்டார். ஆர்வம் மாறிவிட்டாலும், பெற்றோரின் பெருந்தொகை வீட்டுத் தாழ்வாரத்தில் துருப்பிடித்துக் கிடக்காது.

எனவே, மிதிவண்டி கேட்டுப் பெற்றோரிடம் செல்லும் மாணவர், விலைப்பட்டியலை மட்டும் எடுத்துச் செல்லாமல், தமக்கேற்ற சட்டகத்தின் அளவு, சோதிக்க வேண்டிய பாகங்கள், பழுதுபார்க்க ஆகும் செலவு, தலைக்கவசத்துக்கும் விளக்குக்கும் ஒதுக்கிய தொகை ஆகியவற்றையும் ஒரு தாளில் எழுதிச் செல்லட்டும். அந்தத் தாளைப் படித்துப் பார்க்கும் பெற்றோர், வண்டி பழையதாயிற்றே என்று கவலைப்பட மாட்டார்கள். பிள்ளை பொறுப்பறிந்து நடக்கிறது என்ற நம்பிக்கையே அவர்களுக்கு முதலில் பிறக்கும்.