அவங்க போனா வேன் லைஃப், இவங்க போனா?

அமெரிக்காவுல ஒரு ஜோடி பசிபிக் கடலோரமா கேரவன் ஓட்டிட்டுப் போற வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. வண்டிக்குள்ளயே அடுப்பு, கட்டில், கழிப்பறை. ‘வாழ்ந்தா இப்படி வாழணும்’னு ஸ்டேட்டஸ் வேற.

அதே வாழ்க்கை நம்ம ரிங் ரோட்டுலயும் போகுது. ராமேஸ்வரம் போற வடநாட்டு யாத்திரை பஸ்ஸைச் சொல்றேன். டிக்கியில சிலிண்டர், அரிசி மூட்டை. ஜன்னல்ல காயுற சேலை. போன மாசம் விரகனூர் ரவுண்டானா பக்கம் ஒரு தாத்தா வெங்காயம் உரிக்க, பாட்டி சப்பாத்தி தேய்ச்சுட்டு இருந்தாங்க. அங்கிருந்து சுமார் 170 கிலோமீட்டர். பரமக்குடி, ராமநாதபுரம், 1988-ல திறந்த பாம்பன் பாலம், அதைத் தாண்டி தனுஷ்கோடி. 2017-ல திறந்த ரோடு அரிச்சல்முனை வரைக்கும் போகுது, ரெண்டு பக்கமும் கடல். பசிபிக் எதுக்கு?

ஆனா இவங்களைப் பார்த்தா மூக்கைப் பொத்துறோம். குப்பை போடுறாங்க, உண்மைதான். கேரவன்ல இருக்கிற கழிப்பறை பஸ்ல இல்ல, அவங்க நிறுத்தின இடத்துலயும் இல்லையே! நாலு கழிப்பறை, ஒரு தண்ணிக் குழாய், கொஞ்சம் நிழல். இதைக் கட்டிட்டுத் திட்டலாம்.

அன்னைக்கு அந்தத் தாத்தா குடத்தோட வந்து எங்கிட்ட என்னமோ கேட்டார். தண்ணின்னு குடத்தைப் பார்த்தாலே புரியும். இந்தி தெரியாதுன்னு கையை விரிச்சுட்டு வந்துட்டேன்.