மன்னிப்பின் மாண்பு

தீங்கு செய்தவனைப் பழிவாங்குதலே வீரம் என்று கருதுவோர் பலர். மன்னித்தல் கோழைமை என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணம் பொருந்தாது என்பதை எரிக் லோமாக்ஸ் என்பாரின் வாழ்க்கை தெளிவாகக் காட்டுகிறது.

லோமாக்ஸ் 1919 ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். இளமை தொட்டே புகைவண்டிகளிடம் அவருக்குப் பெருவிருப்பம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, பிரிட்டிஷ் படையின் செய்தித் தொடர்புப் பிரிவில் அலுவலராக இருந்தார். 1942 பிப்ரவரி 15 ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் சிறைப்பட்டார். அவர் விரும்பிய இருப்புப்பாதையே அவர்தம் துன்பத்திற்குக் களமாயிற்று.

சயாமையும் பர்மாவையும் இணைக்க ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையை ஜப்பானியர் அமைத்தனர். 1942 இல் தொடங்கிய அவ்வேலை, 1943 அக்டோபரில் முடிந்தது. பசியாலும், நோயாலும், அடியாலும் 12,000 க்கு மேற்பட்ட போர்க்கைதிகள் மாண்டனர். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளருள் மாண்டவரோ அவரினும் பன்மடங்கினர்.

காஞ்சனபுரி முகாமில் கைதிகள் மறைவாகச் செய்த வானொலிக் கருவி 1943 இல் அகப்பட்டது. லோமாக்ஸ் வரைந்து வைத்திருந்த பாதையின் படமும் வெளிப்பட்டது. அவருடைய கைகள் முறியுமாறு அடித்தனர். நீரால் மூச்சுத் திணறச் செய்து உசாவினர். அவ்விசாரணையில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் நகாசே தகாஷி.

1945 இல் லோமாக்ஸின் உடல் விடுதலை பெற்றது. உள்ளம் விடுதலை பெறவில்லை. நகாசேயின் மீது கொண்ட வெறுப்பு அவரை நெடுங்காலம் வாட்டியது. நகாசேயோ தம் குற்றத்தை உணர்ந்து வருந்தினார். மாண்டோர் நினைவாகக் குவாய் ஆற்றருகே கோயில் எழுப்பினார். நடந்தவற்றை மறையாது நூலாக எழுதினார். 1993 இல் காஞ்சனபுரியில் இருவரும் சந்தித்தனர். நகாசே நடுங்கிய குரலில் மன்னிப்பு வேண்டினார். பின்னர் ஜப்பான் சென்ற லோமாக்ஸ், அவரை மன்னித்ததாக எழுத்தில் அளித்தார். பகைவர் நண்பராயினர்.

கொடுமையை மன்னித்தல் கொடியோர்க்கு ஊக்கமளிக்காதோ எனச் சிலர் வினவலாம். மன்னித்தல் வேறு, மறைத்தல் வேறு. லோமாக்ஸ் தாம் பட்ட துன்பமனைத்தையும் 1995 இல் நூலாக வெளியிட்டார். நகாசேயும் தம் குற்றத்தை மறுத்திலர். உண்மையை ஒப்புதலும் பிழை பொறுத்தலும் இரண்டு தண்டவாளங்கள் போன்றவை. ஒன்றின்மீது மட்டும் வண்டி ஓடாது. ஆதலின், அப்பாதையில் மாண்ட பெயரறியாத் தொழிலாளரையும் உலகம் மறத்தலாகாது.

பழிவாங்கியிருப்பின் லோமாக்ஸ் இறுதிவரை கைதியாகவே இருந்திருப்பார். மன்னித்தமையால், 2012 இல் மறைந்தபோது அவர் விடுதலை பெற்ற மனிதராக இருந்தார். பகைவனை வெல்லுதல் வீரம். தன்னுள் வளரும் பகையை வெல்லுதல் அதனினும் பெரிய வீரமாகும்.