சேர்க்கைப் பதிவேடும் குடியுரிமையும்

டென்மார்க் நாட்டவரான ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் 1906-ஆம் ஆண்டில் ஜெண்டராட்டா தோட்டத்தைத் தோற்றுவித்தார். இது அச்சேறிய வரலாறு. அவரைப் பற்றி அறிய விரும்புவோர் நூலகத்தில் ஒரு மணி நேரம் அமர்ந்தால் போதும். ஆனால் அத்தோட்டத்தின் பெரட்டுக் களத்தில் விடியுமுன் வரிசையாய் நின்று பெயர் கொடுத்தவர்கள் யாவர்? எந்த ஊரினர்? எங்கே மாண்டனர்? பேராக் ஆறு கடலோடு கலக்கும் பாகான் டத்தோ வட்டாரத்தில், மலாய், ஜாவா, பஞ்சார் குடியேறிகளோடு சேர்ந்து சதுப்பை விளைநிலமாக்கிய தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இவ்வினாவை எழுப்பினால், விடை கூற ஏடு இல்லை. இருந்த ஏடுகளிலும் பல கறையானுக்கும் நெருப்புக்கும் இரையாகிவிட்டன. அவ்வாறு இரையாக்கியவர்கள் வெள்ளைத் துரைமார்கள் மட்டும்தாமா என்பதைத் தமிழாசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிற நாடுகளில் நிலை வேறு. அமெரிக்காவில் மாவட்டப் பதிவகத்திற்குச் சென்று, நூறாண்டுகளுக்கு முந்தைய நிலப் பத்திரத்தையும் திருமணப் பதிவையும் உயிலையும் பொதுமக்கள் புரட்டிப் பார்க்கலாம். அது செல்வநாட்டுப் பெருமை என்று ஒதுக்கிவிட வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவரும் எண்ணிடப்பட்டனர். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, கிராமம், தாலுகா, கப்பல் என யாவும் எழுதப்பட்டன. மனிதனை எண்ணாக்கிய அந்தக் கொடுமையே இன்று அவன் கொள்ளுப்பேரனுக்கு ஊர்வழி காட்டுகிறது. மொரீசியசில் காக்கப்படும் ஒப்பந்தக் கூலிகளின் ஆவணங்களை 2015-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

மலாயாத் தமிழனுக்கு அந்தப் பேறும் வாய்க்கவில்லை. இங்கு ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே வேரூன்றியிருந்த கங்காணி முறை, 1938-இல் இந்திய அரசு கூலிகள் வெளியேறுவதைத் தடை செய்யும் வரையில் நீடித்தது. கங்காணி அழைத்து வந்தவன் 'சுதந்திரத் தொழிலாளி' என்று பெயர் பெற்றான். சுதந்திரமானவனுக்கு எழுத்தில் ஒப்பந்தம் எதற்கு? கடன் கணக்கு கங்காணியின் கையேட்டில் இருந்தது. நாள் கணக்கு கிராணியின் செக்ரோலில் இருந்தது. கையேடு கங்காணியோடு மறைந்தது. செக்ரோல், 1950-களிலும் 60-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பழைய கணக்குக் கட்டுகளோடு குப்பைக்குப் போயிற்று.

சயாம் மரண இரயில்பாதையை எண்ணினால் இந்த இழப்பின் ஆழம் விளங்கும். 1942-43-இல் 415 கிலோமீட்டர் நீளப் பாதையை அமைக்க ஜப்பானியர் கொண்டு சென்ற ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர். மலாயாவிலிருந்து சென்றவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். மாண்ட நேசநாட்டுக் கைதிகள் பன்னீராயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பதிவேட்டில் உள்ளன. காஞ்சனபுரியில் மட்டும் ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள் உள்ளன. லண்டனிலோ சிட்னியிலோ இருப்பவர் பெயரைக் கூறினால், இத்தனையாவது வரிசையில் இத்தனையாவது கல் என்று விடை கிடைக்கும். தமிழனுக்குக் கல்லும் இல்லை, வரிசையும் இல்லை. கணவன் இறந்தானா, எங்கேனும் பிழைத்திருக்கிறானா என்பது தெரியாமலேயே தாலியோடு மூப்படைந்த பெண்கள் பேராக் தோட்டங்களில் இருந்தனர்.

"போனது போகட்டும். செத்தவர் பெயரைத் தேடி என்ன பயன்?" என்று கேட்பவர்கள் உண்டு. இக்கேள்வி அறியாமையினால் எழுவது. இந்நாட்டில் ஒருவரின் பழைய பதிவைத் தேடுவது, உயிரோடிருப்பவர் குடியுரிமையைத் தேடுவதே ஆகும்.

அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையைத் தமிழாசிரியர் எத்தனை பேர் படித்திருப்பர்? 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 அக்டோபருக்கு முன்பு வரை இக்கூட்டரசில் பிறந்தவர் சட்டப்படி குடிமகன் ஆகிறார். பெற்றோரின் அட்டை என்ன நிறம் என்ற பேச்சே அங்கு இல்லை. அதற்குப் பின் பிறந்தவராயின், பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தர வாசியாகவோ இருந்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதியாக இருந்தது. ஆகவே, 1960-இல் ஒரு தென்னைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, இன்று சிவப்பு அட்டையுடனோ எந்த அட்டையும் இல்லாமலோ இருக்கும் ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். அவருக்கு எவரும் குடியுரிமையைத் தானமாக வழங்க வேண்டியதில்லை. அது அவர் பிறந்த நாளிலேயே அவருடையதாயிற்று. இங்குப் பிறந்தார், அந்த ஆண்டுகளுக்குள் பிறந்தார் என்று மெய்ப்பிப்பது ஒன்றே குறை. அதை மெய்ப்பித்துவிட்டால், இங்குப் பிறந்த அவர் மகளின் வழக்கும் பேரனின் வழக்கும் அதே கயிற்றைப் பற்றிக் கரையேறும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1976-ஆம் ஆண்டின் திருமணச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச்சு முதல் நடப்புக்கு வந்தது. அதன்பின் கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. திருமணம் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு இல்லையேல் சட்டத்தின் கண்ணில் பிள்ளைக்குத் தாய் மட்டுமே உண்டு. தந்தை நீல அட்டை வைத்திருந்தும் பயனில்லை. தாயிடம் எந்த ஆவணமும் இல்லையென்றால் பிள்ளை நாடற்றதாகிறது. ஆகவே தாயின் பிறப்பைத் தேடு, பாட்டியின் பிறப்பைத் தேடு என்று வழக்கு பின்னோக்கியே செல்கிறது.

தேடுவது எளிதன்று. முற்காலத்தில் உட்புறங்களில் போலீஸ் நிலையமே பிறப்பைப் பதிந்தது. கிராணியோ டிரெசரோ சொன்னதைத் தமிழறியாத ஒருவர் தாம் கேட்டவாறு எழுதினார். முத்துசாமி 'மூட்டுசமி' ஆனார். முனியம்மாள் 'மணியமா' ஆனார். வீட்டில் பாப்பாத்தி, ஏட்டில் ராஜேஸ்வரி. பிறந்த நாளைக் கேட்டால், "ஆற்றுவெள்ளம் வந்த வருடம், தைப்பூசத்திற்கு மறுவாரம்" என்று தாய் சொன்னார். (அந்தக் கணக்கு தவறுவதில்லை. எழுதியவர்தாம் ஜனவரி முதல் தேதி என்று போட்டுவிட்டுப் போனார்.) ஆகவே பெயரை மட்டும் கொண்டு தேடுபவர் வெறுங்கையோடு திரும்புவார். உடன்பிறந்தோரின் பிறப்புப் பத்திரங்களில் தாய் பெயர் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது, எந்த நிலையத்தில் பதிவாயிற்று என்று கண்டு, அந்த எழுத்திலேயே தேசியப் பதிவிலாகாவில் விண்ணப்பிக்க வேண்டும். அங்கும் கிட்டவில்லையாயின், பிறப்புக்கு உறுதுணைச் சான்றாக எஞ்சுவது பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு.

1957-இல் பிறந்த பிள்ளை 1964-இல் முதலாம் வகுப்பில் சேர்ந்தது. 1962-இல் பிறந்தது 1969-இல் சேர்ந்தது. எனவே 1964 முதல் 1969 வரையிலான ஆறு ஆண்டுகளின் சேர்க்கைப் பதிவேடுகள், தோட்டத் தமிழர்க்கு உறுதிப் பத்திரத்திற்கு நிகரானவை. பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, சேர்ந்த நாள், விலகிய நாள் யாவும் அவற்றில் உள்ளன. அந்நாளைய தமிழாசிரியர் தமிழ்ப் பெயரைத் தமிழ்ப் பெயராகவே அறிந்து எழுதினார் என்பதும் அவற்றின் தனிச்சிறப்பு. 1969-க்குப் பின், வேலை அனுமதிச் சட்டத்தின் நெருக்கடியால் சிவப்பு அட்டைக்காரர்கள் பல்லாயிரம் பேர் கப்பலேறினர். அதே ஏட்டின் 'விலகிய நாள்' என்னும் பத்தியில் அந்தப் பிள்ளைகளின் பயணமும் ஒரு வரியில் பதிவாகியிருக்கும்.

அந்த ஏடுகள் எங்கே? 1957-இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை 530-ஐ ஒட்டியவை. மூடிய பள்ளியின் நாற்காலிகள் எங்கே போயின என்று கேட்டால் கணக்கு உண்டு. பதிவேடு எங்கே போயிற்று என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர். திறந்திருக்கும் பள்ளிகளிலும் அலமாரியின் அடித்தட்டில், விளையாட்டுப் போட்டிக் கொடிகளுக்குக் கீழே, கறையான் அரித்த மூலையோடு அது கிடக்கிறது. அடுத்த சிறப்பு விருந்தினர் வருகைக்காக அறையைத் துப்புரவு செய்யும்போது அதுவும் வெளியே போகும். பள்ளி மலரில் பிரமுகர்களின் வாழ்த்துரைகள் பல பக்கங்கள் வருகின்றன. ஆறாம் ஆண்டை முடித்து வெளியேறும் மாணவர்களின் முழுப் பெயர்ப் பட்டியலுக்கு ஒரு பக்கம் இல்லையாம்!

இதற்குத் தலைமையாசிரியர்கள் கூறும் மறுமொழி அறிந்ததே. "குடியுரிமை அரசியல் கட்சிகளின் வேலை. பாடம் நடத்துவதே எங்கள் கடமை." 2011 பிப்ரவரியில் 'மைடஃப்தார்' என்ற பெயரில் ஆவணமற்ற இந்தியர்களைப் பதிவு செய்யும் இயக்கம் நடந்தது. நல்ல முயற்சிதான். ஆனால் ஓர் இயக்கத்தால் விண்ணப்பத் தாளை நிரப்பித் தர இயலுமேயன்றி, எரிந்த சான்றை மீட்டுத் தர இயலுமா? கூடாரங்கள் ஒரு வாரத்தில் பிரிக்கப்படும். ஏடு பள்ளியில் இருந்தால்தான் அடுத்த ஆண்டு வருபவருக்கும் பயன்படும். மேலும், பொது ஆவணங்களைத் தேசிய ஆவணக்காப்பகத்தின் அனுமதியின்றி அழிக்கலாகாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. பள்ளிப் பதிவேடு அதில் அடங்குமா என்று வாதிடுவதற்கு முன், அதை நெருப்பிலிருந்து எடுத்து வெளியே வைப்பதே அறிவுடைமை.

இன்னொரு மறுப்பு சற்று வலுவுடையது. பதிவுகளைத் திறந்து வைத்தால் வட்டிக்குக் கடன் கொடுப்பவனும் ஏமாற்றுக்காரனும் ஆளைத் தேடி வருவான் என்பர். மெய்தான். உயிரோடிருப்பவரின் அடையாள எண்ணும் முகவரியும் சந்தைப் பொருளாகக் கூடாது. ஆனால் தம் பெயரையும் தம் தாயின் பெயரையும் தேடி வரும் மூதாட்டியை அந்நியராக்கும் பூட்டு பாதுகாப்பாகுமா? நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தினால் எந்த நிலம் எவருடையது என்று எவரும் அறியலாம்; தேசிய நிலச் சட்டம் அதற்கு இடமளிக்கிறது. ஒரு தென்னந்தோப்பின் வரலாற்றை அறிய உள்ள வழி, அத்தோப்பில் தேங்காய் உரித்தவளின் பிறப்பை அறிய இல்லை.

ஆவன செய்வதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. கைத்தொலைபேசி இல்லாத ஆசிரியர் இன்று எவருமில்லை. ஆண்டிறுதி விடுமுறையில் இரண்டு நாள் ஒதுக்கினால், பாகான் டத்தோ வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் எஞ்சியுள்ள பழைய பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துவிடலாம். ஒரு படி பள்ளியில் இருக்கட்டும். மறுபடி தேசிய ஆவணக்காப்பகத்தின் பொறுப்பில் இருக்கட்டும். மூடிய பள்ளிகளின் ஏடுகளை அவற்றின் முன்னாள் ஆசிரியர்களின் இல்லங்களில் தேட வேண்டும். சிலர் மனம் வராமல் எடுத்து வைத்திருக்கக் கூடும். ஆனால் 1964-இல் முதலாம் வகுப்பில் அந்தப் பெயர்களை எழுதிய இளம் ஆசிரியருக்கு இன்று வயது எண்பதைத் தாண்டியிருக்கும். 'இது என் கையெழுத்து, இந்தப் பிள்ளை இந்த லயத்துப் பிள்ளை' என்று அதிகாரியின் முன் உறுதி கூறத்தக்கவர் அவர் ஒருவரே.