இசைத்தட்டின் கரகரப்பு யாருடையது?

பழைய இசைத்தட்டுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் கொண்டாடும் ஒன்று அவற்றின் கரகரப்பு. அது காலத்தின் குரல் என்றும், அது இல்லையென்றால் பழைய பாட்டு பழைய பாட்டாகவே இராது என்றும் உருகி எழுதப்பட்ட பத்திகள் ஏராளம். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்தக் கரகரப்பில் ஒரு பகுதி அரக்குத் தட்டின் பிறவிக் குணம். தட்டின் வயதும் தேய்மானமும் சேர்த்த பகுதியும் உண்டு. ஆனால் கணிசமான மற்றொரு பகுதி, ஊசியைத் துடைக்காத நம் அசிரத்தையிலிருந்து வருவது. அதைக் காலத்தின் கணக்கில் எழுதிவிடுவது நியாயமல்ல.

22 நிமிடங்கள் ஓடும் எல்.பி. தட்டு ஒன்றின் ஒரு பக்கத்தில் ஊசி கடக்கும் தூரம் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர். வழியெல்லாம் பள்ளத்தின் இரு சுவர்களையும் உரசியபடியே அது செல்கிறது. தூசி, கைபட்ட எண்ணெய்ப் பசை, ஈரக்காற்றில் படிந்த பூஞ்சை அனைத்தையும் வாரிக்கொள்கிறது. அந்த அழுக்கு வைரமுனையைச் சுற்றி இறுகிவிட்டால், முனை பள்ளத்தில் சரியாக அமர்வதில்லை. முதலில் மங்குவது நுட்பங்கள்தாம்: பிருகாவின் கூர்மை, மிருதங்கத்தின் சாப்பு, 'ச', 'ஷ' ஒலிகளின் தெளிவு. தேய்ந்த முனையின் கதை இன்னும் மோசம். உருண்டையாக இருக்கவேண்டிய வைரத்தில் தட்டையான முகங்களும் கூரிய விளிம்புகளும் உருவாகி, அவை பள்ளத்தின் சுவரைச் செதுக்கத் தொடங்குகின்றன. போன ஒலி திரும்புவதில்லை.

கிராமபோன் காலத்து மனிதர்கள் இவ்விஷயத்தில் நம்மைவிட ஒழுங்கானவர்கள். எஃகு ஊசிகள் 200 அடங்கிய சிறு தகர டப்பாக்கள் விற்கப்பட்டன. ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது விதி. அரக்குத் தட்டில் கல்பொடி கலந்திருந்ததால், ஓடத் தொடங்கியதுமே எஃகு முனை தேய்ந்து பள்ளத்தின் வடிவத்துக்கு வந்துவிடும். அதே ஊசியை மறுபடி வைத்தால் தட்டு கெடும். நாம் கிராமபோன் முள் என்று பேச்சில் சொல்கிறோம். இங்கிலாந்தில் சில ரசிகர்கள் மெய்யாகவே தாவர முள்ளைச் சீவிச் சீவிப் பயன்படுத்தினார்கள். நிரந்தர ஊசி வந்தபின் மாற்றும் பழக்கம் போயிற்று. வைரம் தேயாது என்ற மூடநம்பிக்கை வந்தது. முனையின் வடிவத்தைப் பொறுத்து அதன் ஆயுள் சுமார் 300 மணி முதல் 1000 மணி வரை என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் கேட்பவருக்கு 500 மணி என்பது ஒன்றரை ஆண்டுகூட இல்லை.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்காவில் 1948இல் கொலம்பியா நிறுவனம் எல்.பி.யை அறிமுகப்படுத்திய பிறகும், இந்தியாவில் 1960களில்கூட 78 சுற்றுத் தட்டுகள் வந்துகொண்டிருந்தன. பீட்டில்ஸ் பாடல்களே இங்கு அவ்வடிவில் வெளியாயின. எனவே நம் வீட்டுச் சேகரிப்புகளில் இரு வகையும் கலந்தே கிடக்கின்றன. 78க்கு ஏறத்தாழ 75 மைக்ரான் ஆரமுள்ள முனை வேண்டும், எல்.பி.க்கு 18 மைக்ரான் அளவு போதும். எல்.பி. ஊசியை 78இல் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் விழுந்து, அங்கு படிந்த அழுக்கைத்தான் வாசிக்கும். பழைய பெட்டி ரெக்கார்ட் பிளேயர்களில் ஊசியைத் திருப்பிப்போட ஒரு சிறு நெம்புகோல் இருந்தது இதற்காகத்தான்.

துடைப்பது பெரிய வித்தையல்ல. ஒலியைக் குறைத்துவிட்டு, மென்மையான சிறு தூரிகையால் பின்னிருந்து முன்னாக, அதாவது தட்டு ஊசியைக் கடந்து செல்லும் திசையில், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒருமுறை துடைத்தால் போதும். குறுக்காகவோ எதிர்த்திசையிலோ இழுத்தால் முனையைத் தாங்கும் மெல்லிய தண்டு வளைந்துவிடும். இறுகிய அழுக்குக்கு, இதற்கென்றே விற்கும் பசைத்திண்டின்மேல் ஊசியை நேராக இறக்கி நேராகத் தூக்கவேண்டும். திரவம் தேவையென்றால் தூரிகையின் நுனியில் ஒரு துளி. அதிகமானால் தண்டின் வழியே ஏறி ரப்பரையும் பசையையும் கெடுக்கும். ஆல்கஹால் கலந்த திரவத்தை அரக்குத் தட்டின் அருகே கொண்டுவரவே கூடாது. அரக்கு அதில் கரையும். விரலால் ஊசியைத் தட்டி 'டொப் டொப்' என்று சோதிக்கும் நம் தேசிய வழக்கத்தையும் கைவிடலாம்.

தொடாமலே வாசிக்கும் லேசர் கருவி ஜப்பானில் வந்துவிட்டதே என்று கேட்கலாம். வந்தது, ஊசியைப் போலத் தூசியை ஒதுக்கிக்கொண்டு போக அதற்குத் தெரியாது. தூசியையும் சேர்த்தே ஒலியாக வாசித்தது. ஆக, எந்தக் கருவியும் சுத்தத்திலிருந்து நமக்கு விலக்கு அளிக்கவில்லை.

இது ஒரு பொழுதுபோக்கின் விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாததற்குக் காரணம் உண்டு. மூலப் பதிவு தொலைந்து, ஒரே ஒரு சேகரிப்பாளரிடம் எஞ்சியிருக்கும் தட்டு, அழுக்கேறிய ஊசியால் ஒருமுறை வாசிக்கப்பட்டு இணையத்தில் ஏறுகிறது. அதன்பின் அந்த நாகஸ்வரக்காரரின் வாசிப்பு என்று உலகம் அறியப்போவது அந்தக் கோப்பை மட்டுமே. 'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்' என்பது பழமொழி. இங்கே ஏட்டைக் கெடுப்பவன் வாசிப்பவன்.

ஸ்டைலஸ் என்ற சொல்லின் மூலமான லத்தீன் சொல்லுக்கு எழுத்தாணி என்றே பொருள். ஏடுகளின் மரபிலிருந்து நாம் கற்கவேண்டிய ஒன்றும் இருக்கிறது. உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில், தமக்குக் கிடைத்த ஏட்டுப் பிரதிகள் யாருடையவை, எந்த ஊரினவை என்று குறித்துவைத்தார். தட்டுகளை வலையேற்றும் நண்பர்களிடம் நான் எதிர்பார்ப்பதும் அத்தகைய ஒரு பதிப்புக் குறிப்பைத்தான்: எந்த அளவு ஊசி, எத்தனை மணி நேரம் ஓடியது, தட்டும் ஊசியும் துடைக்கப்பட்டனவா. மூன்றே வரிகள். அவை இருந்தால், கேட்கும் இரைச்சலில் எது தட்டினுடையது, எது நம்முடையது என்று பின்னால் வருபவர்கள் பிரித்தறிய வழியிருக்கும். எத்தனை ஆயிரம் தட்டுகள் வைத்திருக்கிறார் என்று சேகரிப்பாளரைக் கேட்பதை விட்டுவிட்டு, கடைசியாக ஊசியை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்கத் தொடங்குவோம்.