மௌலூது யாருக்கும் சான்றிதழ் இல்ல

ரபீஉல் அவ்வல் பிறை கண்டா எங்கட கண்டிப் பக்கத்து ஊர்களில் ரெண்டு விஷயம் ஒண்டாத் தொடங்கும். பள்ளியில் பன்னிரண்டு நாள் மௌலூது. வட்ஸ்அப்பில் பன்னிரண்டு நாள் சண்டை. மீலாத் கொண்டாடுறவன் நரகத்துக்கு எண்டு ஒரு போஸ்டர் வரும். கொண்டாடாதவனுக்கு நபியில் முஹப்பத்தே இல்ல எண்டு அடுத்த நிமிஷம் பதில் போஸ்டர் வரும். போன பெருநாளைக்கு ஒரே சஹனில் கை போட்டுச் சாப்பிட்ட மச்சான்மார் குரூப்பை விட்டு வெளியேறுவாங்க. மாதம் முடியும், சண்டை ஓயும், அடுத்த வருஷம் அதே போஸ்டர் திகதி மாறி வரும்.

மௌலூது கூடுமா கூடாதா எண்டு தீர்ப்புச் சொல்ல நான் வரல்ல. அதைச் சொல்ல ஆலிம்கள் இருக்காங்க, நூற்றாண்டுகளாச் சொல்லிக்கொண்டும் இருக்காங்க. நான் கேட்கிற கேள்வி வேற. இந்தக் கருத்து வேறுபாட்டை வெச்சு ஒருத்தனை இஸ்லாத்தில் இருந்தும், ஊரில் இருந்தும், சில நேரம் இந்த நாட்டில் இருந்துமே தள்ளி வைக்கிற அதிகாரத்தை யார் யாருக்குக் குடுத்தது?

முதலில் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்ப்பம். மீலாத் விழா நபிகள் நாயகம் (ஸல்) அவர்கட காலத்தில் இருக்கல்ல, ஸஹாபாக்கள் காலத்திலயும் இருக்கல்ல. இதை மௌலூது ஓதுற ஆலிம்களும் மறுக்கிறதில்ல. எகிப்தில் பாத்திமிய்யாக்களின் ஆட்சியில் அது அரண்மனை விழாவா இருந்தது. ஸுன்னி உலகத்தில் பெரிசாப் பேர் எடுத்தது ஈராக்கின் இர்பில் நகரத்தில், 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முழப்பருத்தீன் கோக்புரி எண்ட ஆட்சியாளரின் காலத்தில்.

வாதமும் பழசுதான். மாலிகி மத்ஹபைச் சேர்ந்த தாஜுத்தீன் அல்-பாகிஹானி (மரணம் 1334) இது அடிப்படை இல்லாத புதுமை எண்டு எழுதினார். ஷாபிஈ மத்ஹபின் இமாம் ஸுயூத்தி (மரணம் 1505) இது நல்ல புதுமை எண்டு எழுதினார். அவர் பதில் எழுதின விதத்தைக் கவனியுங்க. பாகிஹானியின் எழுத்தைத் தன் நூலுக்குள்ளயே எடுத்துப் போட்டு, அதுக்குப் பிறகுதான் ஒவ்வொரு வாதத்துக்கும் பதில் சொல்றார். எதிர்க்கிறவர் என்ன சொன்னார் எண்டு வாசிக்கிறவனுக்கு முழுசாத் தெரியணும் எண்ட நேர்மை அது. இண்டைக்கு எங்களுக்கு வர்றது எதிராளியின் ஒரு மணி நேர பயானில் இருந்து வெட்டின முப்பது செக்கன் கிளிப்.

இமாம் இப்னு ஹஜர் அல்-அஸ்கலானி, மூஸா நபி காப்பாற்றப்பட்ட நாளுக்கு நன்றியா நபியவர்கள் ஆஷூரா நோன்பு பிடித்த ஹதீஸில் இருந்து மீலாதுக்கு அடிப்படை எடுத்தார். தௌஹீத் மேடைகளில் மிச்சம் பேசப்படுற இப்னு தைமிய்யா மீலாதை ஒரு வழிபாடா ஏற்கல்ல. ஆனா நபி மேல உள்ள அன்பாலும் நல்ல எண்ணத்தாலும் அதைச் செய்யிறவங்களில் சிலருக்குக் கூலி கிடைக்கலாம் எண்டும் அவரே எழுதியிருக்கார். இந்த ரெண்டாவது பகுதி எங்கட மேடைகளுக்கு வந்து சேர்றதே இல்ல.

திங்கட்கிழமை நோன்பு ஹதீஸும் அப்படித்தான். அந்த நாளில்தான் நான் பிறந்தேன் எண்ட கருத்தில் நபியவர்கள் சொன்னது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கு. ஓதுறவங்க அதைத் தங்கட ஆதாரமாக் காட்டுவாங்க. எதிர்க்கிறவங்க, அங்க இருக்கிறது நோன்பு, விழா இல்ல எண்டுவாங்க. சரி, ரெண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட அந்தத் திங்கள் நோன்பைப் பிடிக்கிறவங்க எத்தனை பேர்? அதில் சண்டை இல்லாததால ஆட்களும் இல்ல போல.

இனி எங்கட ஊருக்கு வாறேன். கண்டி நகரத்தில் மீரா மக்காம் இருக்கு. கம்பளையில் கஹட்டபிட்டிய ஸியாரம் இருக்கு. அக்குறணை, மடவளை, கல்ஹின்னை எண்டு எந்த ஊரை எடுத்தாலும் மூத்தவங்களுக்கு ஸுப்ஹான மௌலூது மனப்பாடம். சாம்பிராணிப் புகை, பன்னீர், எழும்பி நிண்டு சொல்ற ஸலாம் பைத், கடைசியில் நார்சாச் சோறு. அரபு தெரியாத ஆட்களுக்கும் நபியின் சரித்திரம் ஒரு ராகமா உள்ள இறங்கினது இப்படித்தான். உமறுப் புலவரின் சீறாப்புராணம் தொடக்கம் எங்கட தெல்தெனியப் பக்கத்து அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவர் வரைக்கும் தமிழில் முஸ்லிம்கள் பாடின பாட்டுக்குப் பின்னால இந்த ராகம் இருக்கு.

ஆனா இதை ஒரு பொற்காலமா வர்ணிக்க நான் தயாரில்ல. தௌஹீத்காரங்க கேட்ட கேள்விகளில் நியாயம் இருந்தது. 1947இல் பறகஹதெனியவில் ஜம்இய்யத்து அன்ஸாரிஸ் ஸுன்னா தொடங்கினது சும்மா இல்ல. ஓதுறதுக்கு அர்த்தம் என்ன எண்டு லெப்பைக்கும் தெரியாது, கேட்கிறவனுக்கும் தெரியாது எண்ட நிலைமை உண்மை. கடன்பட்டுக் கந்தூரி குடுத்த ஏழை வீடுகள் உண்மை. ஸியாரத்து உண்டியல் யாருடைய கைக்குப் போகுது எண்டு கேட்கேலாம இருந்ததும் உண்மை. குர்ஆனைத் தமிழில் வாசி, ஆதாரம் கேள், கண்ணை மூடிக்கொண்டு பின்னால போகாதே எண்டு சொன்னது எங்கட சமூகத்துக்குத் தேவையான குரல்.

அந்தக் குரல் எங்க பிழைச்சது? ஆதாரம் கேட்கச் சொன்னவங்க, ஒரு கட்டத்தில் ஆதாரம் எங்கள்ட்ட மட்டும்தான் இருக்கு எண்டு சொல்லத் தொடங்கினாங்க. 1977க்குப் பிறகு வளைகுடாவுக்குப் போன இளைஞர்களும், தமிழ்நாட்டில் இருந்து வந்த பீ. ஜைனுல் ஆபிதீனின் கெஸட்டுகளும் சிடிகளும் ஊர் முழுக்க ஒரு புது மொழியைக் கொண்டுவந்தன. அந்த மொழியில் பிழை எண்டு ஒண்டு இல்ல, ஷிர்க் மட்டும்தான். வாழ்நாள் முழுக்க அஞ்சு வேளையும் தொழுத மூத்தம்மாவைப் பார்த்து, ஒரு பைத் ஓதினதுக்காக முஷ்ரிக் எண்டு பேரன் சொல்ற அளவுக்கு அது வந்தது. மார்க்கத்தில் இல்லாததைக் கொண்டாடக் கூடாது எண்டு எங்களுக்குப் பாடம் எடுத்தவங்க, சவூதியில் செப்டெம்பர் 23 தேசிய தினம் 2005இல் இருந்து பொது விடுமுறை எண்டதைப் பற்றி வாய் திறந்து நான் கேட்டதில்ல. அது உலக விவகாரம், இது மார்க்க விவகாரம் எண்டு விளக்கம் சொல்லலாம். சரி. அதே விளக்கத்தை உங்கட மூத்தம்மாவுக்கும் கொஞ்சம் குடுங்களேன்.

மறுபக்கத்தை விட்டுவைக்க ஏலாது. ஸுன்னத் வல் ஜமாஅத்தின் பேரில் நிர்வாகத்தில் இருக்கிற சில ட்ரஸ்டிமார் மௌலூதை நபி மேல உள்ள அன்பாப் பார்க்கல்ல, ஊர் மேல உள்ள உரிமையாப் பார்க்கிறாங்க. சந்தா கட்டினியா, மௌலூதுக்கு வந்தியா, இல்லாட்டி உன்ட நிக்காஹ் பதிவுக்கும் ஜனாஸாவுக்கும் எங்கள்ட்ட வராதே எண்ட மிரட்டல் பல ஊர்களில் கேட்ட கதை. அன்பை எப்படி மிரட்டி வாங்குறது? அதோட, தலைநகரத்தில் இருந்து வர்ற அமைச்சரின் பெனர் நபியின் பேரை விடப் பெரிசாத் தொங்குற மீலாத் மேடைகளைப் பற்றி ஸுன்னத் ஆலிம்களே முதலில் பேசணும். பள்ளிக்கு முன்னால போன ஊர்வலத்தில் தொடங்கி நாடு முழுக்கப் பரவின 1915 கலவரத்தைக் கண்ட நகரம் கண்டி. தெருவும் சத்தமும் எவ்வளவு பெரிய விஷயம் எண்டு எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்ல.

இது வெறும் வாய்ச் சண்டைதானே எண்டு நினைக்கிறவங்களுக்கு ரெண்டு ஊரை ஞாபகப்படுத்துறேன். காத்தான்குடியில் 2004இல் ஸூபிக் குழுவைச் சேர்ந்தவங்கட வீடுகள் தாக்கப்பட்டன. 2006இல் அங்க அடக்கப்பட்ட ஒரு ஜனாஸாவைத் தோண்டி எடுக்கச் சொல்லி ஆட்கள் தெருவில் இறங்கினாங்க. பேருவளையில் 2009 ஜூலையில் ஒரு தௌஹீத் பள்ளி தாக்கப்பட்டது, உயிர்கள் போயின. ஒரு ஊரில் அடிச்சது இந்தப் பக்கம், மற்ற ஊரில் அடிச்சது அந்தப் பக்கம். அதால, எங்கட பக்கம் கை சுத்தம் எண்டு யாரும் சொல்ல வேண்டாம்.

அதுக்குப் பிறகு வந்த வருஷங்கள்தான் எங்கட தலைமுறைக்கு நேரடியாத் தெரிஞ்ச பாடம். 2018 மார்ச்சில் திகனையில் தொடங்கின நெருப்பு தெல்தெனிய, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை எண்டு பரவினது. கடையை உடைச்சவன், இது மௌலூது ஓதுற முதலாளியின் கடையா, ஓதாத முதலாளியின் கடையா எண்டு விசாரிக்கல்ல. 2020 ஏப்ரலில் இருந்து 2021 பெப்ரவரி வரைக்கும் கொவிட் ஜனாஸாக்களைக் கட்டாயமா எரிச்சாங்க. பிறந்து இருபது நாளான பிள்ளையையும் எரிச்சாங்க. அந்த வீடுகளில் எது ஸுன்னத் வீடு, எது தௌஹீத் வீடு எண்டு யார் கேட்டது? எரிக்கிறவனுக்கு நாங்க எல்லாரும் ஒரு பேர்தான்.

ஆனா 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு எங்களுக்குள்ள சிலர் அந்தப் பேரைப் பிரிச்சுக் குடுக்க முன்வந்தாங்க. நாங்க பாரம்பரிய முஸ்லிம், மௌலூது ஓதுற ஸூபிகள், அவங்கதான் வஹ்ஹாபி எண்டு. ஸஹ்ரான் கும்பலின் முதல் எதிரிகள் முஸ்லிம்கள்தான் எண்டது மெய்தான். 2017 மார்ச்சில் காத்தான்குடியில் ஸூபிகளோட மோதித்தான் அவன் தலைமறைவானான். தக்பீர், அதாவது ஒரு முஸ்லிமைக் காபிர் எண்டு சொல்றது, எங்க போய் முடியும் எண்டதுக்கு இதை விடப் பெரிய சாட்சி தேவையில்ல. மிம்பரில் நிண்டு அந்த வார்த்தையைச் சும்மா வீசினவங்க இதுக்குப் பதில் சொல்லணும். ஆனா மௌலூது ஓதாத எல்லாரும் ஸஹ்ரான் இல்ல. 2021 ஏப்ரலில் அரசாங்கம் 11 அமைப்புகளைத் தடை செய்தது. 2023இல் சிலவற்றின் தடையை நீக்கினது. இடைப்பட்ட காலத்தில் அந்தப் பேர்களோட ஒட்டின சந்தேகத்தை எந்த வர்த்தமானி நீக்கும்?

மௌலூது ஓதுறதை நல்ல முஸ்லிமுக்கான சான்றிதழா அரசாங்கத்துக்குக் காட்டினா, சான்றிதழ் குடுக்கிற அதிகாரத்தையும் சேர்த்துத்தான் குடுக்கிறோம். இண்டைக்குத் தாடியைக் கேட்டவன் நாளைக்குத் தொப்பியைக் கேட்பான், நாளண்டைக்கு அந்த மௌலூதின் அர்த்தத்தையே கேட்பான். நபியின் பேரால நடக்கிற ஒரு மஜ்லிஸைப் பொலிஸுக்குக் காட்டுற அடையாள அட்டையா மாத்துறது, அதை பித்அத் எண்டு சொல்றவனை விட மோசமான அவமானம்.

இதில் பெண்களின் பங்கை யாரும் கணக்கில் எடுக்கிறதில்ல. வீட்டு மௌலூது எங்கட உம்மாமாருக்கு ஒரு வெளி. பள்ளிக்குள்ள போகேலாத பெண்கள் தங்கட குரலில் ஸலவாத் சொன்ன, ஒருத்தியின் கஷ்டத்தை இன்னொருத்தி கேட்ட இடம் அது. பித்அத் எண்டு ஒரு வார்த்தையில் அதை மூடினவங்க, பதிலா என்ன குடுத்தாங்க எண்டு கேட்கணும். அதே நேரம், பல தௌஹீத் பள்ளிகள் பெண்கள் தொழ இடம் குடுத்ததையும் சொல்லணும். மீலாதுக்கு ஆயிரம் பேருக்குச் சோறு போடுற சில பெரிய பள்ளிகளில் ஒரு பெண் வுழூ எடுக்க ஒரு பைப் இல்ல. ரெண்டு பக்கமும் எதைச் செய்தாலும் முடிவு எடுக்கிற மேசையில் ஒரு பெண்ணும் இல்ல.

எங்கட கண்டியில் வாழ்ந்த சித்திலெப்பையை ஒருக்கா நினைச்சுப் பாருங்க. 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கினவர், பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தவர், ஆங்கிலம் படி எண்டு சமூகத்தோட மல்லுக்கு நிண்டவர். அதே மனிசன்தான் அஸ்ராருல் ஆலம் எண்ட மெய்ஞ்ஞான நூலையும் எழுதினார். சீர்திருத்தம் எண்டா ஒரு பக்கம், ஸூபித்துவம் எண்டா மறுபக்கம் எண்டு இண்டைக்கு நாங்க கீறி வெச்சிருக்கிற கோட்டில் அவரை எந்தப் பக்கம் நிப்பாட்டுறது? இண்டைக்கு வந்தா ரெண்டு குரூப்பிலயும் அவரை ரிமூவ் பண்ணிருவாங்க.

அதால அடுத்த ரபீஉல் அவ்வலுக்கு முந்தி எங்கட வயசு ஆட்கள் பள்ளி நிர்வாகத்திட்டக் கேட்க வேண்டியது நாலு விஷயம். ஒண்டு, நிக்காஹ், ஜனாஸா, மக்தப் எதையும் மௌலூதோட முடிச்சுப் போடாதீங்க, அதை எழுத்தில் தாங்க. ரெண்டு, காபிர், முஷ்ரிக், வஹ்ஹாபி எண்ட வார்த்தைகளால ஊர் ஆட்களைச் சுட்டிப் பேசுற யாருக்கும் மிம்பர் இல்ல, அவர் எந்தப் பக்கத்து ஹஸ்ரத்தா இருந்தாலும் சரி. மூண்டு, மௌலூது ஓதினா அதின் தமிழ் அர்த்தத்தையும் வாசியுங்க, ஏற்கேலாத வரி இருந்தா அதைப் பகிரங்கமாப் பேசுங்க. நாலு, மீலாத் செலவுக் கணக்கைப் பள்ளிச் சுவரில் ஒட்டுங்க, அதில் பெண்கள் தொழுற இடத்துக்கு எவ்வளவு எண்டும் எழுதுங்க.

இதில் எந்த ஒண்டுக்கும் மௌலூது கூடுமா கூடாதா எண்ட தீர்ப்பு வரும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்ல. பாகிஹானியும் ஸுயூத்தியும் முடிச்சு வைக்காததை அக்குறணை வட்ஸ்அப் குரூப் முடிச்சு வைக்கப் போறதும் இல்ல. பிங்கா ஓயா பெருகி அக்குறணை டவுனுக்குள்ள தண்ணி வர்ற நாளில் யார் யாருடைய கடைச் சாமானைத் தூக்கினாங்க எண்டு எங்களுக்குத் தெரியும். தண்ணி வடிஞ்ச பிறகும் அந்த ஆட்கள் ஒருத்தருக்கொருத்தர் ஸலாம் சொல்லணும் எண்டுதான் கேட்கிறேன்.