அடக்கமும் அடக்குதலும்

பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, கையில் காசு நிற்பதில்லை, கோபம் வந்தால் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிகிறான் என்று, பதினான்கு பதினைந்து வயதுப் பையன்களைப் பெற்றவர்கள் திருமுடிவாக்கத்திலும் தாம்பரத்திலும் குறைப்பட்டுக் கொள்வதைக் கேட்கிறோம். இதற்கு அவர்கள் தேடும் பரிகாரமென்ன? ஜோசியரிடம் ஜாதகத்தை நீட்டுகிறார்கள். ஏழரைச் சனி என்று அவர் சொல்லிவிட்டால் குன்றத்தூர் மலையேறி ஓர் அர்ச்சனை. அதற்கும் அடங்காவிட்டால் தகப்பனாரின் பெல்ட்டு. நூறு கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற சனிக்கு இருக்கும் சம்பந்தம், ஒரே கூரையின் கீழ் இருக்கிற தகப்பனாருக்கு இல்லையா என்று கேட்கின்றோம்.

பொறுத்திருப்பது வெறும் பிறவிக் குணமல்ல. 2013-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் சர்வகலாசாலையார் 28 குழந்தைகளை வைத்துச் செய்த ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நல்ல வர்ணப் பென்சில் கொண்டு வருவதாகச் சொல்லி, ஒரு பகுதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடியே கொடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கையை விரித்தார்கள். பிறகு ஒவ்வொரு குழந்தை முன்பும் ஒரு மிட்டாயை வைத்து, உடனே தின்னாமல் காத்திருந்தால் இரண்டாகத் தருவோம் என்றார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிஷம் காத்திருந்தன. ஏமாந்தவை மூன்று நிமிஷந்தான். சிறிய சோதனைதான். ஆனாலும், ஏமாந்த குழந்தைக்குப் புத்தியில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? அது சரியாகவே கணக்குப் போட்டது!

"போனஸ் வரட்டும், சைக்கிள் வாங்கலாம்" என்று ஐந்து தீபாவளி கேட்ட பையன் என்ன கணக்குப் போடுவான்? தகப்பனாரே சம்பளத்தன்று டாஸ்மாக் கடையில் நின்றுவிட்டு வந்து, மகனுக்குச் சிக்கனம் போதிப்பது எந்த நியாயம்? ஆசைக்குக் கடிவாளம் போடும் மூளையின் முன்பகுதி இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் முழுதும் முதிர்கிறதென்கிறார்கள். அதுவரை வீடுதான் பாதிக் கடிவாளம். பெல்ட்டோ, தகப்பனார் வாசற்படி தாண்டும் வரைக்குந்தான்.

நிற்க, அடக்கம் என்ற சொல்லையே நம்மவர்கள் பெண்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பெண் உரக்கச் சிரிக்கக்கூடாது. அண்ணன் சாப்பிட்டு எழுந்த தட்டை அவள் எடுக்க வேண்டும். அவன் கூப்பிட்டதும் தண்ணீர் கொண்டு வர வேண்டும். கூப்பிட்ட குரலுக்குத் தண்ணீர் வருகிற பையன் பொறுத்திருக்க எங்கே கற்றுக்கொள்வான்? தங்கையை அடக்கியதில் அவளுக்கும் தன்னடக்கம் வரவில்லை, அவனுக்கும் வரவில்லை. நாளைக்கு ஒருத்தி அவனை வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வானென்று பெற்றவர்கள் யோசிக்க வேண்டும்.

ஏழை வீட்டை மட்டும் குற்றஞ்சொல்லுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்கட்டும். 2018-ல் 900-க்கு மேற்பட்ட பிள்ளைகளின் விவரத்தை ஆராய்ந்தார்கள். சிறு வயதில் மிட்டாய்க்குக் காத்திருந்ததற்கும் 15 வயதில் படிப்பில் தேறியதற்கும் இருந்த தொடர்பில் பெரும்பகுதி, குடும்ப நிலைமையையும் ஆரம்பத் திறமையையும் கணக்கில் சேர்த்ததும் மறைந்து போயிற்று. தொழிற்பேட்டையில் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்குகிற முதலாளி, ஒரு தகப்பனாரை மட்டுமா பிடித்து வைக்கிறான்?

ஆயினும் கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமையில் ஒரு காரியம் செய்யலாம். வீட்டு வரவு இவ்வளவு, வாடகை இவ்வளவு என்று பையனையும் பெண்ணையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். ஒரு வாரக் காய்கறிச் செலவை அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். புதன்கிழமையே தீர்ந்து போனால் அடிக்காதீர்கள். மூன்று நாள் எல்லோரும் ரசஞ்சோறு தின்னுங்கள்.