மே 1 கிராம சபையில் வெயிலைப் பேசுவோம்

பங்குனி பிறந்தால் எங்கள் தொண்டை மண்டலத்து ஊர்களில் பாரதம் வைப்பார்கள். அறுவடை முடிந்து நிலம் காலியாகக் கிடக்கும் காலம். பிற்பகலில் திரௌபதியம்மன் கோயில் பந்தலில் பிரசங்கியார் கதை சொல்வார். இரவில் விடிய விடியக் கூத்து. கோடையில் ஊரே ஒரு நிழலில் கூடிக் கதை கேட்ட மண் இது. அப்படியே கூடி, இப்போது வெயிலின் கதையைப் பேச வேண்டும் என்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பென்னலூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தொலைக்காட்சியில் சொல்லும் டிகிரி பெரும்பாலும் மீனம்பாக்கம், நுங்கம்பாக்கம் அளவுதான். அதுவும் காற்றோட்டமான பெட்டிக்குள், நேர்வெயில் படாமல் வைத்த வெப்பமானி காட்டுவது. பெங்களூரு நெடுஞ்சாலை ஓரம் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர் தலையில் இறங்கும் வெயில் அந்தக் கணக்கில் வராது.

அந்த வெயிலைப் படுகிறவர்களே அதைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருக்கோடியில் சிமெண்ட் ஷீட் போட்ட அறைகளில் ஒடிசாப் பையன்கள் தங்கியிருக்கிறார்கள். நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து படுத்தால், பத்து மணிக்கே ஷீட் சூடேறிவிடும். பாயைச் சுருட்டிக்கொண்டு ஏரிக்கரை வேப்பமரத்தடிக்குப் போய்விடுகிறார்கள். அங்கே கிடைக்கும் தூக்கத்தை நம்பித்தான் மறுபடி இரவு மெஷின் முன் நிற்கிறார்கள். நிழலுக்கும் வேலையிடத்து விபத்துக்கும் உள்ள தொடர்பு அந்தப் பையன்கள் வாயால் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. பக்கத்து வீட்டு ஆயா வேறொன்று சொன்னார்: அந்தக் காலத்தில் ஸ்ரீபெரும்புதூர் சந்தைக்குப் புளியமர நிழலிலேயே நடந்து போய் வருவார்களாம், சாலையை அகலப்படுத்தியபோது மரங்கள் போய்விட்டன. ஆயா சொன்னதையும் பையன்கள் சொன்னதையும் சேர்த்து எழுதினால், எங்கே மரம் வேண்டும் என்பது தானே தெரியும்.

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து இந்தப் பகுதிக்கு வேலை வந்தது, சோறு வந்தது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். தொழிற்பேட்டைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும்போது மூன்றில் ஒரு பங்கு பசுமைப் பரப்பு என்பது வழக்கமான நிபந்தனை. மரங்களும் வளர்ந்திருக்கின்றன, மதிலுக்கு உள்ளே. வெளியே பஸ் ஸ்டாப்பில் நிழல் இல்லை.

அரசும் சும்மா இல்லை. 2022இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் வந்தது. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவது இலக்கு. 2024இல் வெப்ப அலை மாநிலப் பேரிடராக அறிவிக்கப்பட்டது. அதில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்ல முடிவுகள்தாம். ஆனால் எத்தனை கன்று நட்டோம் என்ற கணக்கு, யார் தலைக்கு நிழல் கிடைத்தது என்று சொல்லாது. ஊரே வாய்திறந்து பேசினால் என்ன ஆகும் என்பதற்கு மதுரை அரிட்டாபட்டியைப் பாருங்கள். தங்கள் மலையின் சுனைகளையும் பறவைகளையும் சாமிகளையும் பற்றி விரிவாகப் பேசத் தெரிந்த ஊர் அது. டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று கிராம சபைகள் தீர்மானம் போட்டன; 2025 ஜனவரியில் அந்தச் சுரங்கத்துக்கான ஏலம் ரத்தானது.

மே 1 அன்று கிராம சபை. அடுத்த சில நாட்களில் கத்திரி. அன்று ஒரு மணி நேரத்தை வெயிலுக்கு ஒதுக்குங்கள். பகலில் எங்கே ஒதுங்குகிறீர்கள், எந்த மரம் போனது, எந்தப் புறம்போக்கு காலியாக இருக்கிறது என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். கேட்டதைத் தீர்மானமாக எழுதி, ஐப்பசி மழைக்கு வேம்பும் புங்கனும் பூவரசும் நடலாம். ஆனால் கிராம சபையின் உறுப்பினர்கள் ஊர் வாக்காளர்கள் மட்டுமே. ஒடிசாப் பையன்களுக்கு இங்கே ஓட்டு இல்லை. ஊராட்சி அவர்களைத் தனியாக அழைத்து உட்கார வைத்துக் கேட்க வேண்டும்.